மேக்கால வாசல்

என்ற அண்ணன் காளியண்ணன் கோவக்காரன். நான் அவனுக்கும் மேல. எங்களைப் பெத்தவ, "உங்க ரெண்டு பேரைப் பெத்ததுக்கு ரெண்டு அம்மிக்கல்லைப் பெத்திருந்தா மொளகாயாச்சும் அரைச்சிருப்பேன்"னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தா. அவ சொன்னது சரிதான்னு இப்பத்தான் தோணுது. அப்ப அவளையும் திட்டினேன்.

அணா போயி நயா பைசா வந்த வருசம் என்ற ஊட்டுக்காரரு காச்சல்ல போயிட்டாரு. புள்ளை குட்டி இல்லை. ராசிபுரம் தாண்டி நாமக்கல் போற வழியில, ஊரை விட்டுத் தள்ளி, வெள்ளாமைக் காட்டுக்குள்ள ஒத்தை ஊடு எங்களது. மண் செவுரு, நாட்டு ஓடு, மேக்க பாத்த வாசல். வாசலுக்கு நேரா, ரெண்டு பக்கமும் வேலி வெச்ச வண்டித்தடம் ஒண்ணு வரும். இட்டேரின்னு சொல்லுவோம். இட்டேரி முக்குல ஒரு புளியமரம். கொல்லிமலை அடிவாரத்துல இருக்கற என்ற பொறந்த ஊர்ல இருந்து யாரு வந்தாலும் அந்தப் புளியமரத்தடியில வண்டியை நிறுத்திட்டு, இட்டேரியில நடந்து நேரா வாசப்படி ஏறுவாங்க. கண்ணை மூடிக்கிட்டு வந்தாக்கூட வழி தப்பாது.

கருமாதி முடிஞ்ச மறுநாளு அண்ணன் வாசப்படியில நின்னுக்கிட்டு, "ஊட்டைப் பூட்டு பாவாயி. வண்டி நிக்குது. உனக்குன்னு ஒரு அறை போட்டு வெச்சிருக்கேன்"ன்னான். வாரியான்னு ஒரு வார்த்தை கேட்டானா? இல்லையே. உத்தரவு போட்டான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. "உன் ஊட்டு மூலையில ஒக்காந்து உன் பொண்டாட்டி போடற சோத்துக்குத் தட்டை நீட்டணுமா? அதுக்கு இந்த ஊடு இடிஞ்சு என் தலை மேல விழட்டும்"னேன்.

"விழத்தான் போகுது. இது ஊடா? ஒத்தையில கெடந்து பேயாட்டம் ஆகப்போறே"ன்னான்.

"பேயி ஊட்டுல மனுசனுக்கு என்ன வேலை? போ"ன்னேன்.

தோள்ல கெடந்த துண்டை எடுத்தான். வாசப்படி மேல ஓங்கி ஒரு அடி அடிச்சான். "இனி இந்த வாசப்படியை மிதிச்சன்னா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்லை"ன்னுட்டு எறங்கிப் போயிட்டான். மாட்டை அடிக்கற சத்தம் இட்டேரி முச்சூடும் கேட்டுச்சு. பாவம் மாடு, அது என்ன பண்ணுச்சு.

எங்க பக்கம் அப்பன் பேரை இழுத்துச் சொன்னா சொன்னதுதானுங்க. அதை மீறினா அப்பன் பேரும் ஆத்தா பேரும் சேந்து கெட்டுப்போகும். அதனால அவன் வர முடியாது. கூப்புடாத ஊட்டுக்குப் போறதுக்கு நான் ஆளில்லை. இவ்வளவுதான் கதை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பூட்டிக்கிட்டோம்.

வருசா வருசம் பொங்கலுக்குப் பொறந்த ஊட்டுச் சீரு வரும். கரும்பு, மஞ்சக்கொத்து, பச்சரிசி, ஒரு சீலை. அண்ணனே கரும்பைத் தோள்ல போட்டுக்கிட்டு வருவான். சண்டை போட்ட மறு பொங்கலுக்கு, எங்கயோ வண்டி மணிச் சத்தம் கேட்டா, நான் அடுப்புல இருந்து எந்திரிச்சு எட்டிப் பாத்துட்டு வந்து ஒக்காருவேன். பொங்கல் அடிப்பிடிச்சுப் போச்சு. யாரும் வரலை. அன்னைக்கு அழுதேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அழுதேன். அப்பறம் சந்தையில, கெணத்தடியில, பாத்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிவெச்சேன். "அவன் பேச்சை எவனாச்சும் என்கிட்ட எடுத்தீங்க, நாக்கை அறுத்துப்புடுவேன்."

பொறந்த ஊர்ல இருந்து ராசிபுரம் சந்தைக்கு வெண்ணெய் கொண்டாரவன் சென்னியப்பன். அப்புராணி. ஒருக்கா வாயைத் தொறந்து, "அக்கா, உங்கண்ணன்..."ன்னு ஆரம்பிச்சான். நான் பாத்த பார்வையில மீதியை முழுங்கிட்டான். அதுக்கப்பறம் அவன் என்கிட்ட வெண்ணெய் வெலையைத் தவிர எதையும் பேசினதில்லை.

வருசம் ஓடிப் போச்சு. வேற யாரு வந்து பாக்கப்போறாங்கன்னு ஊட்டைக் கண்டுக்காம உட்டுட்டேன். மழையில செவுத்து மண்ணு கரைஞ்சு எலும்பாட்டம் கல்லு தெரிஞ்சுது. ஓட்டு முனையில நாலு ஓடு சரிஞ்சு தொங்குச்சு. வாசல்ல எருக்கும் ஊமத்தையும் என்ற இடுப்பு ஒசரம். அதுக்கு நடுவுல நான் நடக்கற தடம் மட்டும் கோடாட்டம் கெடக்கும். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து பாத்தா, ஒருத்தி உசுரோட இருக்கற ஊடுன்னு எனக்கே தெரியாது. உள்ள போயி வெளக்குப் போட்டு, "வந்துட்டேன்"னு சத்தமா சொல்லுவேன். யாருக்குச் சொல்றது? செவுத்துக்குத்தான்.

காட்டு வேலை இல்லாத நாள்ல நான் கட்டட வேலைக்குச் சித்தாளாப் போவேன். ராசிபுரம் பக்கம் மில்லு ஒண்ணு கட்டினாங்க. சேலத்துல இருந்து வந்த சவரியாருன்னு ஒரு மேஸ்திரி. ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போகலைன்னா அந்த வாரம் பூரா பூசற கரணை நேரா நிக்காதும்பாரு. நல்ல மனுசன். என்ற வாய்க்கு அஞ்சாத ஆளு அவரு ஒருத்தருதான். "உன் வாய்க்கு ஒரு கதவு வெச்சு விடறேன் பாவாயி, கூலி வேண்டாம்"பாரு.

அந்த மில்லு மொதலாளி, நோவு தீரலைன்னு சோசியன் பேச்சைக் கேட்டு, இருந்த ஊட்டுக்கு வாசலை மாத்தச் சொன்னாரு. தெக்கு வாசலை அடைச்சு, கெழக்க புதுசா தொறக்கணும். எங்களைத்தான் கூட்டிட்டுப் போனாரு மேஸ்திரி. பழைய நிலவை, அதான் கதவு மாட்டற மரச்சட்டத்தை, கழட்டி வெளிய எறக்கினாங்க. படிக்கல்லைப் பெயர்த்து உருட்டி உட்டாங்க. கலவைச் சட்டி தலையில இருக்க, நான் அப்பிடியே நின்னுட்டேன். படிக்கல்லு தனியாக் கெடக்குது. ஊடு தனியா நிக்குது.

"மேஸ்திரி, ஒருத்தன் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தா, இப்ப அவன் ஊட்டுக்குள்ள வரலாமுங்களா?"

சவரியாரு கரணையை வெச்சுட்டு என்னைப் பாத்தாரு. "சத்தியம் படிக்கா, ஊட்டுக்கா?"

"படிக்குத்தான். துண்டால அடிச்சுச் சொன்னதே படியைத்தான்."

"அப்ப படியே இல்லைன்னா சத்தியம் எங்க நிக்கும்? வரலாம்"ன்னு சொல்லிட்டு, கரணையைத் திரும்ப எடுத்துக்கிட்டே, "யாரு, உன் அண்ணனா?"ன்னாரு. கலவை காயுதுன்னு நான் நகந்துட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. சந்தோசத்துல தூக்கம் வராம எத்தனையோ காலமாச்சு.

என் ஊட்டுக்கு வடக்கால அப்பத்தான் தார் ரோடு போட்டு பஸ்ஸு ஓட ஆரம்பிச்சிருந்துது. வடக்க ஒரு வாசல் தொறக்கணும். மேக்கால வாசலை அடைக்கணும். படிக்கல்லைக் கண்ணுல படாம ஒழிக்கணும். ஊட்டோட மூஞ்சியையே திருப்பி, 'இது ஊடா'ன்னு கேட்டவன் வாயைப் பொளக்கற மாதிரி பண்ணிட்டு, அப்பறம் சொல்லி உடணும், "பழைய படி இல்லை, புது வாசல் வெச்சிருக்கேன், பொங்கச் சீரோட வா"ன்னு. கூப்புட்டா வருவான். சத்தியமும் கெடாது, அவன் ரோசமும் கெடாது, என்ற ரோசமும் கெடாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருசம் ஆச்சேன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

ஆளு வெக்கலை. நானே பண்ணினேன். வேலை முடிஞ்சு வந்து பொழுது எறங்கற வரைக்கும், லீவு நாள்ல முழு நாளும். மொதல்ல வடக்குச் செவுரு. எடுத்த எடுப்புல கடப்பாரையைப் போட்டு ஓட்டை போட்டா மேல இருக்கற செவுரு இடுப்பு மேல உழுந்துடும். மேல பக்கம் பள்ளமாக் காடி வெட்டி, கட்டையைச் சொருகி, அது பாரத்தைத் தாங்கினதுக்கப்பறம் கீழ வெட்டணும். சவரியாரு சொல்லிக் குடுத்தாரு. சொல்லிக் குடுத்துட்டு, "செத்துக் கித்துப் போயிறாத, நான்தான் போலீசுக்குப் பதில் சொல்லணும்"ன்னாரு. கொல்லையில நின்ன வேப்பமரத்தை வெட்டி, ஆசாரிகிட்டக் குடுத்து நிலவும் கதவும் செஞ்சு வாங்கினேன்.

நிலவு வெக்கற அன்னைக்குச் சுமங்கலிங்க வந்து மஞ்சளு குங்குமம் வெக்கணும். தாலியறுத்தவ தொடக்கூடாதாம். நல்லா இருக்குது ஞாயம். வேற யாரு இருக்கா இங்க? நானே மஞ்சளைக் கரைச்சு நானே பூசினேன். ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்ச கையோட சவரியாரு வந்து ஒரு பக்கம் புடிச்சாரு. நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டு, "உங்க சாமியும் எங்க சாமியும் ஆளுக்கொரு கை புடிக்கட்டும்"ன்னாரு. தூக்குக்குண்டு போட்டுப் பாத்தோம். ஒரு நூலு கூட சாயலை.

அப்பறம் மேக்கால வாசல். பழைய நிலவைக் கழட்டிப் பொளந்து அடுப்புக்கு வெச்சேன். படிக்கல்லைப் பெயர்க்க ஒரு நாள் முழுசும் ஆச்சு. உருட்டிக்கிட்டே போயி குப்பைமேட்டோரம் குழி வெட்டிக் கவுத்துப் பொதைச்சேன். "கெட இங்கயே"ன்னு ஒரு ஒதையும் உட்டேன். கால்தான் வீங்குச்சு.

வாசலை அடைக்கறது சும்மா கல்லை அடுக்கறதில்லை. பழைய செவுத்துல அங்கங்க பல்லு வெட்டி, புதுக் கல்லை அந்தப் பல்லுக்குள்ள கடிக்க உடணும். இல்லைன்னா பூசினப்பறம் கதவு அளவுக்குச் செவுரு விரிசல் உடும், இங்க ஒரு வாசல் இருந்துச்சுன்னு காட்டிக்குடுக்கும். நான் பல்லு உட்டுக் கட்டினேன். செம்மண்ணும் வைக்கோலும் மிதிச்சு மேல பூசினேன். அது மேல சுண்ணாம்புப் பூச்சு, கூழாங்கல்லால தேச்சுத் தேச்சு வழவழன்னு. முடிச்சுட்டு சவரியாரைக் கூட்டியாந்து, "வாசல் எங்க இருந்துச்சு, சொல்லுங்க பாக்கலாம்"ன்னேன். அவரு செவுத்தை ரெண்டு கையாலயும் தடவித் தடவிப் பாத்தாரு. "மாதாவே! எனக்கே தெரியலை"ன்னாரு. என்ற வாழ்க்கையில அப்பிடிப் பெருமைப்பட்டதில்லைங்க நான்.

எருக்கையும் ஊமத்தையையும் வேரோட புடுங்கினேன். சரிஞ்ச ஓட்டை ஏறி அடுக்கினேன். வடக்கு வாசலுக்கு ரெண்டு படி கட்டி, ரோட்டுக்கும் படிக்கும் நடுவுல ஜல்லியைக் கொட்டி, ரெண்டு ஓரமும் கல்லு நட்டு வெள்ளையடிச்சேன். சங்ககிரிச் சுண்ணாம்பு வாங்கியாந்து மொடாவுல போட்டுத் தண்ணி ஊத்துனா, தளதளன்னு கொதிச்சு ஊடு பூரா அந்த வாசம். சாவு ஊட்டு வாசமாட்டம் கெடந்த ஊட்டுல பண்டிகை நோம்பி வாசம் வந்துது. வடிகட்டி, கஞ்சி ஊத்தி, நீலம் கலந்து அடிச்சேன். கை பூரா வெந்து தோலு உரிஞ்சுது. ஆனா பஸ்ஸு போகும்போது சன்னலோரம் ஒக்காந்திருக்கறவங்க திரும்பிப் பாத்தாங்க. ஒரு கண்டக்டரு வெளிய தலையை நீட்டி, "யாருக்குங்கம்மா கண்ணாலம்?"ன்னு கேட்டுட்டுப் போனான். "உனக்குத்தாண்டா"ன்னு கத்தினேன். பஸ்ஸே சிரிச்சுது. உள்ள போயி ஒக்காந்துக்கிட்டு நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் ஊடு கம்முனு இருந்துச்சு பாருங்க, அது முன்ன இருந்ததை விட மோசம்.

அண்ணன் வந்து ரோட்டுல நின்னு பாக்கற மாதிரி நெனைச்சு நெனைச்சுப் பாப்பேன். மீசையைத் தடவிக்கிட்டு, "பரவால்லை"ம்பான். அவன் வாயில இருந்து அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

கார்த்திகை கடைசியில ஒரு சந்தை நாளு. காலையில எந்திரிச்சு மேக்குச் செவுத்துக்குக் கடைசிக் கை அடிச்சுட்டு, ராசிபுரத்துக்குப் போனேன். மேக்க பக்கம் மத்தியானம் வரைக்கும் வெயிலு ஏறாது, ஈரம் சீக்கிரம் காயாது. பொழுதோட திரும்பி வந்து பாத்தா, செவுத்துல கை. ஒண்ணு ரெண்டு இல்லை. நெஞ்சு ஒசரத்துல ரெண்டு உள்ளங்கை நல்லா பதிஞ்சு கெடக்குது. அதுக்குப் பக்கத்துல தடவிக்கிட்டே போன மாதிரி வெரலு இழுத்த கோடு. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. கீழ தரையை ஒட்டி காலால ஒரசின அடையாளம் வேற.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எவனோ குடிகாரன் வந்து செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கான், போதாததுக்கு எட்டி ஒதைச்சுட்டும் போயிருக்கான்னு நெனைச்சேன். நட்ட நடு வாசல்ல நின்னுக்கிட்டு கத்தினேன். "எவன்டா என் செவுத்துல கை வெச்சது? வெச்ச கை அழுகிப் போக! நாசமாப் போறவனே, என் அண்ணன் வந்து பாக்கற செவுருடா இது!" கேக்கறதுக்குத்தான் யாரு இருக்கா. சுத்தி காடு. மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைச்சு, இருட்டறதுக்குள்ள அத்தனை கையையும் அடிச்சு மறைச்சேன். மறுநாளு பாத்தா ஒரு பொட்டு இல்லை. சுத்தமா இருந்துச்சு.

அதுக்கப்பறம் ரெண்டு சந்தையில சென்னியப்பனைப் பாத்தேன். ரெண்டு தரமும் என்னைக் கண்டதும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். இவனுக்கு என்ன கேடு, வெண்ணெய்க்காரனுக்கெல்லாம் வீராப்பான்னு நானும் உட்டுட்டேன். ஆனா பொங்கலுக்கு முந்தின சந்தையில உட முடியலை. அண்ணனுக்குச் சேதி சொல்லி உடறதுக்கு அவனை உட்டா எனக்கு வேற ஆளில்லை. நேரா போயி வெண்ணெய்ச் சட்டிக்கு முன்னால ஒக்காந்தேன்.

"சென்னியப்பா, எங்கண்ணன்கிட்ட ஒரு சேதி சொல்லணும்."

அவன் தலையைத் தூக்கலை. "இப்ப என்னத்துக்குங்க?"

"புது வாசல் வெச்சிருக்கேன்னு சொல்லு. வடக்க பாத்த வாசல். பழைய வாசலை அடைச்சுட்டேன், படியைப் பொதைச்சுட்டேன், அவன் சத்தியம் அதோட போச்சுன்னு சொல்லு. பொங்கலுக்கு வரச் சொல்லு. நான் கூப்புட்டேன்னு சொல்லு."

அவன் கையில இருந்த தராசு அப்பிடியே நின்னுச்சு. என்னை ஒரு மாதிரியாப் பாத்தான். "அடைச்சது அதுக்குங்களா?"ன்னான்.

"வேற எதுக்கு?"

"அவருதான் வந்துட்டுப் போயிட்டாருங்களே அக்கா."

எனக்கு ஒண்ணும் புரியலை. சந்தை எரைச்சல் வேற. எப்ப வந்தான், எங்க வந்தான்னு கேட்டேன். சென்னியப்பன் துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு சொன்னான். "கார்த்திகைக் கடைசிச் சந்தைக்கு என்ற வண்டியிலதானுங்க வந்தாரு. கண்ணு சுத்தமாத் தெரியாம ரெண்டு வருசமாச்சுங்களே."

"யாருக்குக் கண்ணு தெரியாம?"

"உங்கண்ணனுக்குத்தானுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"ஏண்டா சொல்லலை?"

"நாக்கை அறுத்துப்புடுவேன்னீங்களே."

அவனே மெதுவாச் சொன்னான். "மகன் கந்தன் காட்டை வித்துட்டானுங்க. மைசூர்ப் பக்கம் வாய்க்காத் தண்ணி பாயிற காடு வாங்கியிருக்கான். குடும்பத்தோட போறான். உங்கண்ணன் போக மாட்டேன்னுட்டாரு. 'கண்ணு தெரியாதவன் கன்னடத்துக்காரன் மத்தியில போயி என்னத்தைத் தடவறது? நான் பாவாயிகிட்டப் போறேன். அவ திட்டிக்கிட்டே சோறு போடுவா'ன்னாரு. துணி மூட்டையோடதான் வண்டி ஏறினாரு. நான்தான் கேட்டேன், சத்தியம் பண்ணியிருக்கீங்களேன்னு. சிரிச்சாருங்க. 'இந்த வயசுல எங்கப்பனுக்குப் பொறந்தா என்ன, பொறக்காட்டி என்ன'ன்னாரு."

சந்தையில யாரோ கத்திரிக்காயைக் கூவிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அந்தக் கூவலு மட்டும் இன்னைக்கும் காதுல நிக்குது.

"புளியமரத்தடியில எறக்கி உட்டேன். கூட வாரேன்னேன். 'என் தங்கச்சி ஊட்டுக்கு எனக்கு வழி தெரியாதா, நீ போ'ன்னு கோலை ஊனிக்கிட்டு இட்டேரியில நடந்தாரு. எனக்கு மனசு கேக்கலை, மாட்டுக்குத் தண்ணி காட்டற சாக்குல நின்னேன். பாவாயி, பாவாயின்னு கூப்புட்டது கேட்டுச்சுங்க. ரொம்ப நேரம் கழிச்சு வேலியைத் தடவிக்கிட்டே திரும்பி வந்தாரு. ரெண்டு கையும் சுண்ணாம்பு. 'அடைச்சுட்டா சென்னியப்பா. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தடவிப் பாத்தேன். காலால தேடினேன், படி கூட இல்லை'ன்னாரு. நானும் இட்டேரி முக்குல இருந்து எட்டிப் பாத்தேன். வெள்ளைச் செவுருதான் இருந்துச்சு. நீங்க ஊட்டையே திருப்பி வெப்பீங்கன்னு யாருங்க கண்டா? அப்பறம் சந்தைக்குக் கூடப் போகாம, அவரை ஏத்திக்கிட்டு ஊருக்கே வண்டியைத் திருப்பிட்டேனுங்க."

"இப்ப எங்க?"

"அடுத்த வாரமே கந்தன் கூட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. எந்த ஊருன்னு எனக்குத் தெரியலை. லாரியில சாமானோட சாமானா ஏத்திக்கிட்டுப் போனான்."

சந்தையில இருந்து நான் ஊட்டுக்கு வரலை. அடிவாரத்துக்குப் போற பஸ்ஸு ஏறி, எறங்கி, நடந்து பொறந்த ஊருக்குப் போனேன். யாரும் கூப்புடாத ஊட்டுக்கு. கதவு பூட்டியிருந்துச்சு. சன்னல் வழியா எட்டிப் பாத்தா, நடுக்கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. கதவு தொறந்து கெடந்துச்சு. உள்ள ஒரு கயித்துக் கட்டலு. எனக்குன்னு போட்டு வெச்சேன்னானே, அந்த அறை. அதுல யாரும் படுத்த மாதிரி இல்லை. பூட்டைப் புடிச்சு இழுத்தேன். "அண்ணா"ன்னு கூப்புட்டேன். என்னமோ உள்ள இருந்துக்கிட்டுத் தொறக்காத மாதிரி கதவை அடிச்சேன். பக்கத்து ஊட்டுக்காரி வந்து கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி தண்ணி குடுத்தா.

மறுநாளு காலையில ஊட்டுக்கு வந்ததும் மேக்குச் செவுத்துக்கிட்ட ஒக்காந்தேன். மேல அடிச்ச சுண்ணாம்பை மட்டும் நகத்தால மெதுவாச் சொரண்டிப் பாத்தேன். அடியில அவன் கை இருக்குமே. ஒரு வெரலாச்சும் இருக்குமே. ஒரு அடுக்கு மட்டும் தனியா வரலைங்க. ரெண்டும் ஒண்ணாப் புடிச்சுக்கிட்டு மண்ணோட பேந்து உழுந்துச்சு. நல்லா அடிச்சிருக்கேன், என்ன பண்ணுறது. அழுகிப் போகன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. எந்திரிச்சுப் போயி கடப்பாரையை எடுத்தேன்.

பல்லு உட்டுக் கட்டினது சாமானியமா உழலை. கல்லுக் கல்லா நெம்பி எடுத்தேன். சத்தம் கேட்டு ரோட்டுல போன நாலு பேரு எறங்கி வந்து நின்னாங்க. பாவாயிக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு ஒருத்தன் சொன்னான். வழக்கமா இருந்தா கடப்பாரையோட அவனைத் துரத்தியிருப்பேன். அன்னைக்கு அடுத்த கல்லை நெம்பினேன். சேதி கேட்டு சவரியாரு பொங்கலன்னைக்கு வந்தாரு. ஓட்டையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, குப்பைமேட்டோரம் என்கூட வந்து குழியைத் தோண்டினாரு. ரெண்டு பேரும் படிக்கல்லை உருட்டியாந்து பழைய எடத்துலயே போட்டோம். நிலவு இல்லை, அதைத்தான் எரிச்சுட்டேனே. ஓரத்தைப் பூசி உடட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம்னேன்.

லாரிங்க நெறைய நிக்கற சங்ககிரிக்குப் பஸ்ஸு ஏறிப் போயி லாரிக்காரங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு வந்தேன். மைசூர்ப் பக்கம் போறவங்க எங்கயாச்சும் பாத்தா சொல்லுங்க, காளியண்ணன்னு பேரு, கண்ணு தெரியாது, மகன் பேரு கந்தன், வாய்க்காப் பாசனம். அவங்களும் சரிங்கம்மான்னாங்க. ஒரு டிரைவரு, "மைசூர்ச் சீமை சின்ன ஊருங்களாம்மா?"ன்னான். இருந்தாலும் மாசம் ஒருக்கா போயிக் கேட்டுட்டுத்தான் வாரேன்.

ஒத்தைப் பொம்பளை இருக்கற ஊட்டுக்கு ரெண்டு வாசலு. பஸ்ஸுல போறவங்களுக்கு வடக்கு வாசல் மட்டும் தெரியும், அழகா இருக்குதும்பாங்க. மேக்கால ஓட்டையில மழை அடிக்குது, நாயி வருது, ஆடு வந்து அரிசியைத் திங்குது. ராத்திரியிலயும் நான் எதையும் சாத்தறதில்லை. திருடன் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு சென்னியப்பன் கேட்டான். வரட்டும், அவனுக்கும் ரெண்டு திட்டுத் திட்டிச் சோறு போடறேன்னேன்.

கண்ணு தெரியாதவனுங்க என்ற அண்ணன். எந்தப் பக்கம் வந்து தடவினாலும் கைக்கு வாசல் தட்டுப்படணும்.